ஜன்னலுக்குக் கீழே ஒரு அமதுங்குலு

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே, இசிபிங்கோ கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறோம். ஜன்னலுக்குக் கீழே குண்டுமல்லி வைத்தேன். உப்புக்காற்றில் இலையெல்லாம் கருகிவிட்டது. ஜன்னலை மறைக்காமல் தாழ்வாக, வருஷம் முழுக்கப் பச்சையாக, பூவும் வாசமாக இருக்கிற செடி ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: அமதுங்குலு வையுங்கள் அக்கா. நேட்டல் பிளம் என்று கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள். இந்தக் கரையோர மணலிலேயே பிறந்து வளர்ந்த செடி, உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. நம்முடைய களாவுக்கு நெருங்கிய சொந்தம். கிளையைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால் வடியும். மெழுகில் செய்ததுபோல் வெள்ளையாக ஐந்து இதழ்ப் பூ. பகலிலும் மணக்கும், ஆனால் பொழுது சாய்ந்த பிறகுதான் வாசம் ஆளைத் தூக்கும். ஜன்னலுக்குக் கீழே வைக்க இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியாது.

ஒன்றில் மட்டும் கவனம். சாதாரண அமதுங்குலு ஆள் உயரத்தைத் தாண்டி வேலியாகிவிடும். 'கிரீன் கார்பெட்' என்ற குட்டை ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். முழங்கால் உயரத்தில் படர்ந்து நிற்கும். அதிலும் சில சமயம் ஒரு தடித்த குருத்து நேராக மேலே கிளம்பும். நுனியை நறுக்கிவிட்டு விடாதீர்கள், அடியோடு வெட்டுங்கள். விட்டால் செடி சாதாரண அமதுங்குலுவின் உயரத்துக்கே போய்விடும்.

செப்டம்பரில், மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில், இரண்டடிக்கு ஒன்றாக நடுங்கள். நல்ல வெயில் வேண்டும். நிழலில் இலைதான் இருக்கும், பூ குறையும். வேர் பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்றினால் போதும், அப்புறம் அதிகம் கேட்காது. அடியில் தண்ணீர் தேங்கினால்தான் கெடும். கத்தரிக்கோலை அடிக்கடி எடுக்காதீர்கள். பூ வருவதே கிளை நுனியில்தான். ஒழுங்காக இருக்கட்டும் என்று மாதாமாதம் வெட்டிக்கொண்டிருந்தால் பூவையே பார்க்க முடியாது.

முள் இரண்டாகப் பிரிந்து கவட்டைபோல் இருக்கும். குட்டை ரகத்தில் குறைவு என்றாலும், பிள்ளைகள் ஓடுகிற பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

காய் பிடித்தால், நன்றாகச் சிவந்து தொட்டால் மெத்தென்று இருக்கும்போது மட்டும் பறியுங்கள். விதையோடு சாப்பிடலாம், ஜாமும் போடலாம். பச்சைக் காயையோ இலையையோ பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள்.