அமெரிக்காவில் அரசுக் கடன் வாங்கிய கிராம மின் கூட்டுறவுகள் கணக்கை எப்படி வைக்க வேண்டும்?

வேளாண் துறையின் கீழுள்ள கிராமப்புறப் பயன்பாட்டுச் சேவை அமைப்பு கடன் கொடுத்தால், அது வகுத்த சீரான கணக்கு முறையைத்தான் பின்பற்ற வேண்டும். கணக்கு எண்கள்கூட அதில் வரையறுக்கப்பட்டவை.

முக்கியமானது கட்டுமானச் செலவு. புதிய மின்பாதை போட்டால் கம்பம், கம்பி, கூலி எல்லாம் பணி ஆணை வாரியாக, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக, முதலில் 107ஆம் கணக்கில் (நடந்துகொண்டிருக்கும் கட்டுமானம்) ஏறும். வேலை முடிந்து பாதை பயன்பாட்டுக்கு வந்தபின் 101ஆம் கணக்குக்கு (பயன்பாட்டில் உள்ள மின் சொத்து) மாறும். இந்த இடத்தில் அசட்டை கூடவே கூடாது. கடன் பணம் எந்தக் கம்பமாக நிற்கிறது என்பதற்கு இந்தப் பதிவுதான் சாட்சி; தேய்மானமும் இதிலிருந்துதான் வரும்.

அப்புறம், ஆண்டுதோறும் சுதந்திரமான தணிக்கையாளரின் தணிக்கை உண்டு. ரசீது, பில், பணி ஆணை எதையும் உரிய காலத்துக்கு முன் அழிக்காதீர்கள்.