ஹார்ட் டிஸ்க் சொருகினா வைஃபை போகுதா? டாங்கிளை இடம் மாத்திப் பாருங்க

ப்ரோ, போன்ல நெட் நல்லா வருது, டெஸ்க்டாப்ல மட்டும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல ஃபைல் காப்பி பண்றப்பலாம் வைஃபை கட் ஆகுதுன்னு சொல்றீங்க, டாங்கிளும் (யூஎஸ்பில சொருகுற குட்டி வைஃபை கருவி) டிஸ்க்கும் பின்னாடி பக்கத்து பக்கத்து போர்ட்லதான் இருக்குன்னும் போட்டிருக்கீங்க, அப்ப விஷயம் அங்கதான். யூஎஸ்பி 3.0 வேலை செய்றப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், வைஃபையும் அதே அலைவரிசைல ஓடுறதால டாங்கிளுக்கு ரூட்டர் பேசுறது காதுலயே விழாது. இன்டெல்லே 2012ல இதப் பத்தி விவரமா எழுதியிருக்காங்க, புதுசு ஒண்ணும் இல்ல.

முதல்ல உறுதி பண்ணிக்கோங்க. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ரூட்டரோட ஐபிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 இல்லனா 192.168.0.1) விடாம பிங் (ரூட்டர் பதில் சொல்ல எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டுற கமாண்ட்) ஓட விட்டுட்டு ஒரு பெரிய ஃபைல காப்பி பண்ணுங்க. 2, 3ன்னு வந்துட்டிருந்த மில்லிசெகண்ட் திடீர்னு நூத்துக்கணக்குல எகிறி, டைம் அவுட்டும் வந்தா சந்தேகமே வேணாம். ரூட்டர் வரைக்கும் பிங் சுத்தமா இருந்து வெளிய மட்டும் போகலன்னாதான் இன்டர்நெட் கம்பெனிக்காரங்களோட சண்டை போடணும்.

ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிள யூஎஸ்பி 2.0 போர்ட்ல (உள்ள பெரும்பாலும் கருப்பா இருக்கும், 3.0 நீலம்) மாட்டி, டிஸ்க்க விட்டு ஒரு மீட்டர் தள்ளி மேசை மேல வைங்க. டாங்கிளும் ரூட்டரும் 5 கிகாஹெர்ட்ஸ் (வைஃபையோட இன்னொரு அலைவரிசை) எடுக்கும்னா அதுக்கு மாறிடுங்க, அதுதான் பெஸ்ட், ஆனா நடுவுல சுவர் நிறைய இருந்தா சிக்னல் கொஞ்சம் குறையும். டிரைவர், விண்டோஸ் ரீஇன்ஸ்டால்னு யாராவது கிளப்பி விட்டா இப்போதைக்கு கண்டுக்காதீங்க. பிங் என்ன காட்டுச்சுன்னு போடுங்க, பாக்கலாம்.