பட்டம் வாங்கியும் ஆறாத மனசு

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பால் கல்லூரிப் போட்டிகளில், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ரசிகர்கள் தேசியப் பட்டத்தைவிட மிச்சிகன் பல்கலைக்கழக அணியை ஜெயிப்பதையே பெரிதாக எதிர்பார்க்கிறார்களே, ஏன்?

பதில்: 1897இல் தொடங்கிய போட்டி இது, சும்மாவா? 2024 நவம்பரில் மிச்சிகன் கொலம்பஸுக்கே வந்து 13-10 என்று ஜெயித்துவிட்டுப் போனது, ஒஹாயோவுக்கு அது தொடர்ந்து நான்காவது அடி, அதுவும் சொந்த ஊர் மைதானத்தில். அந்த சீசனில்தான் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்று 12 அணிகளுக்கு விரிந்தது, அதனால் வாய்ப்பு கிடைத்துப் பட்டமும் வாங்கினார்கள், சரி, ஆனாலும் பல ரசிகர்களுக்கு அந்தத் தோல்வி உறுத்திக்கொண்டேதான் இருந்தது. 2025இல் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் 27-9 என்று ஜெயித்த பிறகுதான் நிம்மதி. இந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டத்துக்கு யாருடன் மோத வேண்டிவரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, மிச்சிகனோ வருஷா வருஷம் எதிரே நிற்கும் அணி.