அறுவடைக்குப் பின் வீணாகும் தானியமும் உங்கள் மகளின் படிப்பும்

வேளாண் பொறியியல் படித்துவிட்டு, தானிய இழப்பைக் குறைக்கும் கொள்கைப் பணிக்குப் போவேன் என்று மகள் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது எதையோ பார்த்துவிட்டுப் பேசுகிறாளா என்பது உங்கள் சந்தேகம். வேலை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் விளம்பரம் வராது. உணவுத் துறையில் திட்ட அலுவலர், கிடங்கு ஒழுங்குமுறை அமைப்பில் தர ஆய்வாளர், புள்ளியியல் துறையில் பயிர்க் கணக்கு பார்ப்பவர், வளர்ச்சி வங்கியில் வேளாண் பொருளியலாளர் என்று பல பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. வளாகத் தேர்வில் வரிசையில் நின்று வாங்கும் வேலை இல்லை என்பதை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறைக்குத் தேவை இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1975இல் ஐ.நா. பொதுச்சபை, வளரும் நாடுகளில் அறுவடைக்குப் பிந்தைய உணவு இழப்பை 1985க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2014இல் ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் எக்குவடோரியல் கினியிலுள்ள மலபோ நகரில் கூடி, 2025க்குள் பாதியாக்குவோம் என்று அதே உறுதியை வேறு தேதி போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 2015இல் வந்த ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 12.3ஆம் இலக்கைச் சற்று ஊன்றிப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். கடைகளிலும் வீடுகளிலும் வீணாவதைப் பாதியாக்கு என்கிறது. அறுவடைக்குப் பிந்தைய இழப்பைப் பொறுத்தவரை 'குறை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது, எவ்வளவு என்று சொல்லவில்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறுவடைக்கும் சில்லறைக் கடைக்கும் இடையில் உலக உணவு உற்பத்தியில் மதிப்புக் கணக்கில் சுமார் 14% தொலைகிறது. எல்லா உணவுப் பொருள்களும் சேர்ந்த கணக்கு அது. ஆக, வேலை தீர்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம்.

இத்தனை காலமாக ஏன் தீரவில்லை என்பதுதான் உங்கள் மகள் படிக்கப்போகும் பாடம். கருவி இல்லாத குறை அன்று அது. உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது, காற்றுப் புகாத பை இருக்கிறது, உலோகக் குதிர் இருக்கிறது. அவற்றை வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு லாபம் போய்ச் சேருகிறதா என்பதில்தான் சிக்கல். 20% ஈரப்பதத்தில் 100 கிலோ நெல் வைத்திருக்கும் விவசாயி, அதைப் பாதுகாப்பாகச் சேமிக்க 14% வரை உலர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த பிறகு தராசில் நிறுத்தால் 93 கிலோதான் இருக்கும். ஏழு கிலோ தண்ணீர் ஆவியாகிவிட்டது. வியாபாரி ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் கிலோவுக்கு ஒரே விலை கொடுத்தால், உலர்த்தியவர் ஏழு கிலோவின் விலையையும் எரிபொருள் செலவையும் தன் கையிலிருந்து கொடுத்ததாக ஆகிறது. கிலோ விலை ஏழரை சதவீதமாவது கூடினால்தான் எடைக் குறைவு மட்டும் ஈடாகும். உலர்த்தும் கூலி அதற்குமேல். இந்தக் கணக்குச் சரியாகாத ஊரில் அரசு மானியத்தில் எத்தனை உலர்த்திகளைக் கொடுத்தாலும் அவை துருப்பிடிக்கும். அங்கே வேண்டியது ஈரப்பதத்துக்கு ஏற்ற விலை, இரு தரப்பும் நம்பும் ஈரமானி, அந்த ஈரமானியை ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிடும் அதிகாரி. கொள்கைப் பணி என்றால் மேடைப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் இப்படி விதி, விலை, தராசு என்று போகிற காரியம்.

இன்னொரு பக்கம் அளவீடு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஒரு குடும்பம் 10 மூட்டை மக்காச்சோளத்தைச் சேமித்து, மாதம் ஒன்றாக எடுத்துச் சாப்பிடுகிறது. பத்தாம் மாதம் ஆய்வாளர் வந்து கடைசி மூட்டையிலிருந்து மாதிரி எடுக்கிறார். வண்டு துளைத்த மணிகளைத் தனியே, நல்ல மணிகளைத் தனியே எண்ணி நிறுக்கிறார். எடை 30% குறைந்திருக்கிறது. அறிக்கையில் '30% இழப்பு' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது, செய்தித்தாளில் தலைப்பாகிவிடும். ஆனால் அது ஒரே ஒரு மூட்டையின் இழப்பு. முதல் மாதங்களில் எடுத்த மூட்டைகளில் வண்டு அனேகமாக வேலையைத் தொடங்கியிருக்காது. மாதவாரியாகக் கூட்டிப் பார்த்தால் மொத்த இழப்பு 10 சதவீதத்துக்கும் கீழே நிற்கக்கூடும். 30% என்று நம்பி வாங்கும் கருவி, உண்மையில் போட்ட முதலைக்கூடத் திருப்பித் தராது. ஆப்பிரிக்காவில் தானிய இழப்பை மதிப்பிடும் 'ஆப்லிஸ்' (APHLIS) என்ற தகவல் அமைப்பு, நாடுவாரியாகவும் மாகாணவாரியாகவும், கதிரடிப்பு, உலர்த்தல், சேமிப்பு என்று கட்டம் கட்டமாகவும் கணக்கிடுவது இதனால்தான். உங்கள் மகள் அதன் இணையப் பக்கங்களை ஒருமுறை துழாவிப் பார்க்கட்டும். ஆர்வம் உண்மையா என்பது அரை மணி நேரத்தில் அவளுக்கே தெரிந்துவிடும்.

வெற்றி பெற்ற திட்டங்களும் உண்டு. 1983இல் ஸ்விட்சர்லாந்து அரசின் உதவியோடு ஹோண்டுராஸில் தொடங்கிய 'போஸ்ட்கோசெச்சா' திட்டம், குதிர்களை இறக்குமதி செய்து இலவசமாகக் கொடுக்கவில்லை. உள்ளூர்த் தகர வேலைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே செய்து விற்கச் சொன்னது. பிறகு குவாத்தமாலா, நிகராகுவா, எல் சால்வடார் என்று பரவியது. 1980களில் கேமரூனில் காராமணியைக் காக்க அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கிய வேலையிலிருந்து வந்ததுதான் மூன்றடுக்குப் பை. உள்ளே இரண்டு பாலித்தீன் உறைகள், வெளியே சாக்கு. வாயைக் கட்டிவிட்டால் உள்ளிருக்கும் பூச்சி ஆக்சிஜனைத் தானே தீர்த்துவிட்டுச் சாகும். அந்தப் பை அறுவடைக் காலத்துக்கு முன்பே கடைக்கு வருகிறதா, இறக்குமதி வரி எவ்வளவு, போலிப் பையை யார் பிடிப்பது என்ற கேள்விகளுக்குப் பூச்சியியல் வல்லுநரிடம் விடை இல்லை. எடை குறைவது மட்டுமே இழப்பும் இல்லை. 2004இல் கிழக்குக் கென்யாவில், ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தில் உண்டான அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சால் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள்.

இனிப் படிப்பு. இளநிலையில் வேளாண் பொறியியல் நல்ல தேர்வு. உணவுப் பதன்செய் பொறியியல், வேளாண் பொருளியல், புள்ளியியல் ஆகியவற்றில் எதுவானாலும் எனக்குச் சம்மதமே. பட்டம் வாங்கிய கையோடு பொதுக்கொள்கை முதுநிலைக்கு ஓடுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். தானியத்தைக் கையில் அள்ளிப் பார்க்காதவர் எழுதும் கொள்கை எப்படி இருக்கும் என்று நிறையப் படித்தாகிவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுகள் அரிசி ஆலையிலோ, கிடங்கிலோ, கொள்முதல் நிறுவனத்திலோ வேலை பார்க்கட்டும். பிறகு வேளாண் பொருளியலில் முதுநிலை. சர்வதேச அமைப்புகள் பெரும்பாலும் முதுநிலைப் பட்டத்தோடு பணி அனுபவத்தையும் கேட்கின்றன. பிரெஞ்சு தெரிந்தால் மேற்கு ஆப்பிரிக்கப் பணிகளுக்குக் கதவு திறக்கும்.

சம்பளத்தைப் பற்றிப் பூசி மெழுக விரும்பவில்லை. தொடக்கத்தில் மென்பொருள் துறைக்குப் போன தோழிகளைவிடக் குறைவாகத்தான் வாங்குவாள். அதைவிடப் பெரிய அபாயம், இந்தப் பணிகளில் பல நன்கொடைப் பணத்தில் ஓடுகிற திட்டப் பணிகள் என்பது. 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு மூடப்பட்டபோது, அதன் பணத்தை நம்பிய வேளாண் ஆய்வுத் திட்டங்கள் பல பாதியில் நின்றன; நல்ல திறமைசாலிகள் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். ஆகவே, எந்தத் தனியார் கிடங்கும் ஆலையும் காசு கொடுத்து அழைக்கும் திறமை ஒன்று அவளிடம் இருக்க வேண்டும். தரப் பரிசோதனை, உலர்த்தி வடிவமைப்பு, தரவுப் பகுப்பாய்வு, எது வேண்டுமானாலும் இருக்கட்டும்.

உயிரியலில் நல்ல மதிப்பெண், கணிதத்தில் சுமார் என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. மேலே சொன்ன மூட்டைக் கணக்கும் ஈரப்பதக் கணக்கும் அவளுக்குச் சலிப்பூட்டினால் இந்தத் துறை வேண்டாம். பூச்சியியல் ஆய்வுக்குப் போகட்டும், அங்கும் சேமிப்புப் பூச்சிகளில் வேலை நிறைய இருக்கிறது. சலிப்பில்லை என்றால், கல்லூரி திறப்பதற்குள் அடிப்படைப் புள்ளியியலும் மாதிரி எடுக்கும் முறைகளும் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.