செவன் கார்டு ஸ்டட் எப்படி ஆடுவது?
ஹோல்டம் போக்கர் ஆடத் தெரியும், போக்கரின் இன்னொரு வகையான ஸ்டட்தான் பிடிபடவில்லை என்கிறீர்கள். இதில் நடுவில் பொதுச்சீட்டு கிடையாது. ஆளுக்கு ஏழு சீட்டு, அதில் சிறந்த ஐந்துதான் கணக்கு.

எல்லோரும் ஆன்டி, அதாவது சீட்டு வருமுன் வைக்கும் சிறு தொகை, போட்டதும் இரண்டு சீட்டு கவிழ்த்து, ஒன்று திறந்து வரும். திறந்த சீட்டு யாருக்குச் சிறியதோ அவர் பந்தயத்தைத் தொடங்கியாக வேண்டும். அப்புறம் மூன்று சீட்டு ஒவ்வொன்றாகத் திறந்தே வரும். கடைசிச் சீட்டு கவிழ்ந்து வரும். ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் உண்டு.

புதியவர்கள் சறுக்குவது ஞாபகத்தில்தான். உங்களிடம் நான்கு ஹார்ட் (ஆட்டின்) சீட்டு இருக்கிறது, ஐந்தும் ஒரே வகையாக அமைய ஐந்தாவதுக்குக் காத்திருக்கிறீர்கள், சரி. மொத்தம் 13 ஹார்ட்டில் மற்றவர்கள் முன்னால் ஐந்து திறந்து கிடந்தால் மிச்சம் நான்குதானே! விலகியவர்களின் சீட்டையும் நினைவில் வையுங்கள், அவை மறுபடி கண்ணில் படாது. காசு வேண்டாம், புளியங்கொட்டை வைத்தே ஆடிப் பழகலாம்.