மனு கொடுத்தால் சூழல் பயங்கரவாதியா?

வணக்கங்க. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு விடுகிறார்கள் என்று மனு கொடுத்ததற்கு, ஊர் வாட்ஸ்அப் குழுவில் உங்களைச் 'சூழல் பயங்கரவாதி' என்று எழுதியதாகச் சொல்கிறீர்கள். அது அபாண்டம்ங்க.

அமெரிக்காவில் 1980களில் பரவிய சொல் அது. சுற்றுச்சூழலின் பேரில் ஆட்கள் மீதோ சொத்து மீதோ குற்ற வன்முறையில் இறங்குவதையும், இறங்குவோம் என்று மிரட்டுவதையும்தான் அந்த நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2002இல் அப்படிச் சொன்னது. 1998இல் கொலராடோவில் வெய்ல் (Vail) என்ற ஊரின் பனிச்சறுக்கு மையத்துக்குத் தீ வைத்தார்களே, அந்த மாதிரி. யாருக்கும் காயமில்லாத சொத்துச் சேதத்தைப் பயங்கரவாதம் எனலாமா என்று அங்கேயே இன்னும் சண்டை ஓயவில்லை. மனுவும் வழக்கும் எந்தக் கணக்கிலும் இதில் வராது.

நொய்யல் மேல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீரால் நாசமானபோது நம் நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அவர்களையும் பயங்கரவாதி என்பார்களா?

ஆனால் கழிவுக் குழாயைச் சிமென்ட் போட்டு அடைக்கலாம் என்று உங்கள் பசங்க பேசுவதை இன்றே நிறுத்துங்கள். அதைப் பயங்கரவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சொத்துச் சேத வழக்கு வரும், மனுவும் வலுவிழக்கும். அந்த வாட்ஸ்அப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அசையவில்லை என்றால் சென்னையில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.