தள்ளுகிற வண்டி எப்படி ஏறுகிறது?

அன்புள்ள ஐயா,

ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள் மேம்பாலத்தில் மீன்பாடி வண்டி ஒன்று ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: பின்னாலிருந்து ஒருவர் தள்ளுகிறார், வண்டியும் அவரை அதே விசையோடு திருப்பித் தள்ளுகிறது என்றால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடாதா, வண்டி எப்படி ஏறுகிறது? டியூஷனில் "ஆள் தள்ளும் விசை அதிகம், அதனால்தான்" என்றார்களாம். மேஜைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையும் மேஜை அதை மேலே தாங்கும் விசையும் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் விசை, எதிர்விசை ஜோடி என்று நோட்டில் எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். சரிதானா?

வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டுமே தவறு. உங்கள் மகள் கேட்டதுதான் இந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, அதை இப்படி ஒரு வரியில் மூடிவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

ஆள் வண்டியைத் தள்ளும் விசையும் வண்டி ஆளைத் தள்ளும் விசையும் எப்போதும் சமம். வண்டி வேகமெடுத்தாலும் சரி, அசையாமல் நின்றாலும் சரி, பின்னால் உருண்டு வந்தாலும் சரி. ஆனால் ஒன்று வண்டிமேல் விழுகிறது, இன்னொன்று ஆள்மேல் விழுகிறது. ஒரே பொருளின்மேல் இருந்தால்தானே ஒன்றையொன்று அழிக்கும்? வண்டி ஏறுமா என்று பார்க்க வண்டிமேல் இருப்பதை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்: கை தரும் தள்ளு முன்னால், சரிவில் கீழே இழுக்கும் ஈர்ப்பும் சக்கரத்து உராய்வும் பின்னால். முன்னால் இருப்பது கூடினால் வேகமெடுக்கும், சமமானால் போகிற வேகத்திலேயே போகும்.

சரி, வண்டி பின்னால் தள்ளியும் ஆள் எப்படி முன்னே போகிறார்? அவர் காலால் ரோட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறார், ரோடு அவரை முன்னுக்குத் தள்ளுகிறது. மழையில் ரோடு வழுக்கினால் கையில் எவ்வளவு பலம் இருந்தும் பிரயோசனமில்லை.

அப்புறம் அந்தப் புத்தகம். எடையும் மேஜை தரும் விசையும் இரண்டுமே புத்தகத்தின்மேல்தான் இருக்கின்றன, அதனால் அவை ஜோடியே இல்லை. புத்தகம் சும்மா இருப்பதால் சமமாக இருக்கின்றன, அவ்வளவுதான். 10 கிலோ அரிசிப் பையை லிஃப்ட்டில் வைத்துப் பாருங்கள். எடை 98 நியூட்டன். லிஃப்ட் வினாடிக்கு வினாடி 1 மீட்டர் வேகம் கூடி மேலே கிளம்பினால் தரை பையை 108 நியூட்டனோடு தள்ளுகிறது. உண்மையான ஜோடி என்றால் இப்படிப் பிரியவே பிரியாது. தரை பையைத் தள்ளும் அந்த 108க்கு ஜோடி, பை தரையை அழுத்தும் 108. எடைக்கு ஜோடி பூமியில் இருக்கிறது: பையும் பூமியை 98 நியூட்டனோடு மேலே இழுக்கிறது! பூமியின் நிறை 6க்குப் பின்னால் 24 பூஜ்யம் போட்ட கிலோ என்பதால் அது நமக்குத் தெரிவதில்லை.

1687ல் இந்த விதியை எழுதிய நியூட்டனே, கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரையைக் கல்லும் அதே அளவு பின்னுக்கு இழுக்கிறது என்றுதான் உதாரணம் சொன்னார், அதாவது உங்கள் மகளின் கேள்வி கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது.

தேர்வில் எந்த விசையை எழுதினாலும் "எது எதைத் தள்ளுகிறது" என்று இரண்டு பெயரையும் போடச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களை இடம் மாற்றினால் கிடைப்பதுதான் அதன் ஜோடி. நோட்டில் இருக்கும் புத்தக உதாரணத்தை இப்போதே அடித்துவிடட்டும்.